மூன்று குழிகள்

செருப்பின் கொக்கி கழலவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, கணவனின் வலது காலை மடியில் வைத்துக்கொண்டு நகத்தால் நெம்பிப் பார்த்தாள். கொண்டை ஊசியாலும் நெம்பிப் பார்த்தாள். விடியும் முன் எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தவர் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, மற்றதைத் தேடிக் காலால் தரையைத் துழாவினார். பிறகு துழாவவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அவர் பூட்டுக்காரர். சாதாரணச் செருப்பு வாருக்குக்கூடச் சொந்தமாக ஒரு கொக்கி செய்து மாட்டிவைக்கிற ஆள். அதைத் திறக்கும் வித்தை அவரோடு போய்விட்டது.

"வாரை அறுத்திடலாமாக்கா?" என்றாள் நர்ஸ்.

"வேணாம். ஒத்தைச் செருப்போடதான் போவேன்னு அடம்பிடிக்கிறாரு. போகட்டும்."

சொல்லி முடித்ததும் அவளுக்குத் தன் குரலே பக்கத்து அறையிலிருந்து வந்தது போல இருந்தது. சன்னலுக்கு வெளியே பனிமூட்டம். எதிர்ச்சுவர்கூடத் தெரியவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. முழுக்க விழிக்காத உடம்பு போல கை கால் எல்லாம் லேசாக, யாருடையவையோ போலக் கிடந்தன.

நர்ஸ் வெளியே போனாள். வாசலில் யாரிடமோ, "பூட்டுக்காரர் போயிட்டாரு. குழி ஒண்ணு வேணும்" என்று சொல்வது கேட்டது. கொஞ்சம் தள்ளி இன்னொருவரிடமும் அதே பேச்சு. அதற்கப்பால் பனி அவள் குரலை விழுங்கிவிட்டது.

அங்கே அப்படித்தான் பேசுவார்கள். மூடிக்கிடந்த ஒரு பிஸ்கட் தொழிற்சாலை அது. எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அதில் குடியேறி, தலைவர் என்று யாரையும் வைத்துக்கொள்ளாமல், இருக்கிற கைகளைக் கொண்டே வாழ்ந்துவிட முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இன்னொருவரிடம் 'இதைச் செய்' என்று சொல்லக் கூடாது. இருந்த ஒரே சட்டம் அதுதான். அதையும் சட்டம் என்றால் அங்கிருந்த வாத்தியாருக்குக் கோபம் வரும். கூரை ஒழுகினால் 'கூரை ஒழுகுது' என்று நாலு பேர் காதில் போட்டுவைப்பார்கள். யாருக்கு மனசு வருகிறதோ அவர் ஏணியைத் தூக்குவார். சில நாள் யாருக்கும் மனசு வராது. எல்லோருமாக நனைவார்கள்.

புதிதாக வருகிறவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "உங்க கைக்கு என்ன தெரியும்?" ரொட்டி சுடத் தெரியும், சுவர் எழுப்பத் தெரியும், சோப்புக் காய்ச்சத் தெரியும் என்று ஆளுக்கொன்றைச் சொல்லி உள்ளே வந்திருந்தார்கள். இவர் வந்து நின்று "பூட்டு" என்றதும் வாசலே சிரித்தது. கதவுகளையெல்லாம் திறந்துபோட்டுக்கொண்டு வாழ்கிற இடத்தில் பூட்டுக்காரருக்கு என்ன வேலை? அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு தண்ணீர் பம்பு, சுவர்க் கடிகாரம், உடைந்த மூக்குக்கண்ணாடி, முனகுகிற கதவுக் கீல் என்று எதையாவது பிரித்துப்போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார்.

அவளையும் கேட்டார்கள். "நான் இவர்கூட வந்தேன்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அங்கிருந்தவர்கள் அத்தனை பேருக்கும் பிற்பாடு துணி தைத்தது அவள்தான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. சொன்னால் தங்கிவிட்டதாக ஆகிவிடும். ஊரில் உடுத்திய நல்ல துணிகளை ஒரு பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். அந்த இடம் முழுக்கத் தேடினாலும் பூட்டு என்று ஒன்று அந்தப் பெட்டியில்தான் தொங்கியது. அவள் கேட்டாள் என்று அவர் செய்து கொடுத்தது. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

ரொட்டிக்காரர் சைக்கிளில் போய் எங்கிருந்தோ போன் செய்திருந்தார். பனி விலகாத நேரத்திலேயே அவளுடைய அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நல்ல மனிதர். மூச்சு வாங்க உள்ளே வந்து, மச்சானின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

"சாயங்காலமே கிளம்பிடலாம்மா. மாடி ரூமை உனக்குன்னு ஒழிச்சாச்சு. உங்க அண்ணி படுக்கைகூடப் போட்டு வெச்சுட்டா."

"ம்."

"இனிமே இங்க உனக்கு யாரு இருக்கா, சொல்லு? அந்த மனுஷனுக்காகத்தானே இவ்வளவு நாள் இருந்தே?"

"ம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவளே கணவரிடம் வாய் ஓயாமல் சொல்லிவந்ததுதான். 'உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அன்னிக்கே பெட்டியைத் தூக்கிடுவேன்' என்பாள். 'சாவியை மறந்துடாதே' என்பார் அவர். அந்த நாள் இப்போது வாசலில் கார் வடிவத்தில் நிற்கிறது. போகப் பிடித்திருக்கிறதா, இல்லையா? தன்னைத்தானே கேட்டுப் பார்த்தாள். உள்ளேயும் அதே பனிதான்.

அண்ணன் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துக் காருக்குக் கொண்டுபோனார். அவள் தடுக்கவில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்து, கணவரைச் சுற்றுவதற்கு வெள்ளைத் துணியை மூட்டத் தொடங்கினாள். மிதியை அழுத்த அழுத்தத் துணி ஓடியது. போன வாரம் அவர் எண்ணெய் விட்ட மெஷின். சத்தமே இல்லாமல் ஓடியது. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று நினைத்தாள்.

தைத்து முடித்தபோது வெளியே கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது. வாசலில் மேஸ்திரி வந்து நின்றார். முழங்கால் வரைக்கும் மண்.

"குழி தயாரா இருக்கும்மா."

பின்னாலேயே வந்த தோட்டக்காரி நின்றுவிட்டாள். அவள் கையிலும் மண்வெட்டி. "என்ன மேஸ்திரி சொல்றீங்க? நான்ல வெட்டிட்டு வர்றேன்."

இருவருக்கும் பின்னால் வாத்தியார். அவர் ஒன்றும் பேசாமல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். கொப்புளம் கொப்புளமாக இருந்தது.

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எதிர்ல வந்தவங்ககிட்டயெல்லாம் சொன்னேன். யாராவது ஒருத்தர் போவாங்கன்னு..."

"இதுக்குத்தான் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேணுங்கிறது" என்றார் அண்ணன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. ஒருத்தருக்கு மூன்று குழி! அவர் மட்டும் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மழைக்காலம் முழுக்கச் சிரித்திருப்பார். அதை நினைத்தாள். உடனே அழுகை வந்தது, காலையிலிருந்து வராத அழுகை எல்லாம் சேர்ந்து. நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு கதவைக் கீலிலிருந்து கழற்றி, அதில் அவரைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு குழி பார்க்கப் போனார்கள். பனி தரையோடு தரையாக இன்னும் கிடந்ததால் தூக்கியவர்களின் கால்கள் தெரியவில்லை. கதவு தானாக மிதந்து போனது. வெள்ளைத் துணிக்குள் ஒரு பக்கம் மட்டும் செருப்பு புடைத்துக்கொண்டிருந்தது. பின்னால் நடந்த அவளுக்கு இதையெல்லாம் எப்போதோ கனவில் பார்த்து முடித்துவிட்டது போலிருந்தது.

வாத்தியாரின் குழி சரிவில் இருந்தது. ஆழமே இல்லை. அதற்குள் தண்ணீர் வேறு ஊறி நின்றது.

"பாடம் எடுக்கச் சொன்னா எடுப்பேன்" என்று தலையைச் சொறிந்தார் வாத்தியார்.

மற்ற இரண்டும் மேட்டில், ஒரே வேலிப்புதரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தன. மேஸ்திரியின் குழி, மூலைக்கு மூலை மட்டம் பிடித்து, ஓர் அறைக்கு அஸ்திவாரம் போட்டது போல. தோட்டக்காரியின் குழி, பெரிய மரக்கன்று ஒன்றை நடப்போகிறாற்போல விளிம்பெல்லாம் வளைந்து, வெட்டிய மண்ணைக் கட்டி இல்லாமல் உடைத்துப் பக்கத்தில் குவித்து.

"நான் வெட்ட வெட்ட அந்தாண்ட பதிலுக்குச் சத்தம் கேட்டுச்சு. எதிரொலின்னு நெனச்சுட்டேன்" என்றார் மேஸ்திரி.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் தோட்டக்காரி.

கதவைத் தரையில் இறக்கினார்கள். என் குழி என்று இருவருமே வாய் திறக்கவில்லை. இதில் வைக்கலாம் என்று மற்றவர்களும் சொல்லவில்லை. எல்லோரும் அவளைப் பார்க்காதது போல அவளுக்காகவே காத்திருந்தார்கள்.

"அவருக்கு அளவு சரியா இருந்தாகணும்" என்றாள். "மேஸ்திரியோடதுலயே இருக்கட்டும்."

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பூட்டுக்காரரைக் குழிக்குள் இறக்கினார்கள். ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். அவளும் போட்டாள். அவள் கையை விட்டுப் போன மண் கீழே விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. பிறகு மண்வெட்டிகள் எல்லாவற்றையும் மூடின. கீழே சாலையில் அண்ணன் கார்க் கதவைத் திறந்துவைத்துவிட்டு மேலே ஏறி வந்தார். பனி விலகி, வெயிலும் சாயத் தொடங்கியிருந்தது.

"நேரமாச்சும்மா."

வாத்தியார் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "இன்னும் ரெண்டு குழி தெறந்து கெடக்கு."

"சரிவுல இருக்கறதை மூடிடுங்க, வாத்தியாரே" என்றாள் அவள்.

அந்த இடத்தில் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. வாத்தியார் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுச் சரிவை நோக்கி நடந்தார்.

"அப்ப இது?" என்று புதருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினாள் தோட்டக்காரி.

"அதை மூடாதீங்க. பிள்ளைங்க ஓடியாடுற இடம், மேல பலகை போட்டு வைங்க."

அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கார் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மேஸ்திரி இடுப்பிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். "பலகை என்ன நீளம்மா வேணும்?"

"என் உயரத்துக்குப் பாத்துக்கோங்க."

ஊராருக்கெல்லாம் தோளும் இடுப்பும் அளந்தவள் அவள். அவளை யாரும் அளந்ததில்லை. மேஸ்திரி குனிந்து டேப்பின் ஒரு நுனியை அவள் குதிகாலுக்குப் பக்கத்தில் மிதித்துக்கொண்டார். அளவு கூடிவிடக் கூடாதென்று அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டு நேராக நின்றாள்.