ஐந்தாம் வகுப்புச் சாட்சிகள்

எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் எது நடப்பதாக இருந்தாலும் அது முதலில் போனில் வந்துவிடும். வந்த பிறகு ஒரு வாரத்துக்குள் பள்ளியில் அதை நடத்திக் கொடுத்துவிட வேண்டும். மற்ற ஊர்களிலும் இதே வழக்கம்தான் என்று கேள்வி. நான் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி என்பதால் இந்த வேலையெல்லாம் என் தலையில்தான் விழும். பள்ளிக்கு எதிரே மாவு மில் வைத்திருக்கிறேன். மில் ஓடும்போது போன் சத்தம் கேட்காது. யாராவது ஓடிவந்து சொல்வார்கள்.

ஒருமுறை பள்ளிக் கூரை இடிந்து விழுந்துவிட்டது என்று வந்தது. நல்ல ஓட்டுக் கூரை. என்ன செய்வது, பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் பரப்பினோம். அதிகாரிகள் வந்து பார்த்து, வருத்தப்பட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் திரும்ப ஏற்றினோம். சாம்பாரில் பல்லி விழுந்தது என்று வந்தபோது சத்துணவுச் சமையல் பவுனுத்தாய்தான் படாத பாடு பட்டார். பல்லி லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஆறிய சாம்பாரில் ஒரு காலை மட்டும் நனைத்துவிட்டுச் சுவருக்குப் போய்விட்டது. "வாலும் நனையணுமா தாயி?" என்று பவுனுத்தாய் கேட்டார். கால் போதும் என்றேன். அந்தச் சாம்பாரைக் கொட்டிவிட்டுப் பிள்ளைகளுக்கு வேறு வைத்தார். எங்கள் பள்ளிதான் மாவட்டத்திலேயே முதலிடம் என்றும் ஒருமுறை வந்தது. அதைச் சரிபார்க்க மட்டும் யாரும் வரவில்லை.

இந்த முறை வந்தது என்னைத் தூங்கவிடாத செய்தி. ஐந்தாம் வகுப்பு ஆசிரியை அருட்செல்வி, தர்ஷிகா என்ற மாணவியைக் கன்னத்தில் அறைந்தார் என்று படத்தோடு வந்துவிட்டது. படத்தில் இருந்தது எந்த ஊரோ, யாருடைய கையோ. அந்த வகுப்பில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஐந்தாம் வகுப்பில் மின்விசிறி கிடையாது. அதனால் என் டேபிள் ஃபேனைக் கொண்டுபோய் வைத்தேன். படத்து ஆசிரியை நீலச் சேலை கட்டியிருந்தார். அருட்செல்வியிடம் நீலம் இல்லை என்பதால் என்னுடையதைக் கொடுத்தேன்.

தர்ஷிகா நாலாம் வகுப்பு வரை வாயைத் திறந்ததில்லை. அருட்செல்வி வந்த பிறகு, தினமும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். பதில் எதிர்பார்க்க மாட்டார். ஒருநாள் வாய்ப்பாட்டை வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார். பிள்ளைக்குத் தாங்கவில்லை, திருத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வாயை யாராலும் மூட முடியவில்லை. எனக்கு அருட்செல்வியை ரொம்பப் பிடிக்கும்.

அறை விழுவதற்கு முன்பே மற்றதெல்லாம் முடிந்திருந்தது. தர்ஷிகாவின் அப்பா வீரணன், லோடு ஆட்டோ ஓட்டுபவர், பள்ளி வாசலில் நின்று அழுதார். ஒரு சங்கம் வந்து கோஷம் போட்டது. இன்னொரு சங்கம் வந்து பிள்ளைக்கு ஆறுதலாக ஒரு புத்தகப் பை கொடுத்தது. டீச்சரின் சஸ்பெண்ட் உத்தரவு கையெழுத்தாகி, வட்டாரக் கல்வி அலுவலர் மகுடபதியின் பையில் தயாராக இருந்தது. அறை விழுந்த கையோடு கொடுத்துவிடுவார். விழாவிட்டால், நடந்ததற்குப் பள்ளி பொறுப்பேற்கவில்லை என்று ஆகி, பள்ளியைப் பூட்டிப் பிள்ளைகளைக் கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். அறைந்தால் டீச்சர் போய்விடுவார், அறையாவிட்டால் பள்ளியே போய்விடும்.

மகுடபதியைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர். வந்ததும் பிள்ளைகளிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அன்றைக்கு அவருக்கு இன்னொரு பள்ளியும் பாக்கி இருந்தது. அங்கே தலைமையாசிரியரை மயில் கொத்த வேண்டும். காலையிலிருந்து மயிலைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.

"ஆரம்பிக்கலாமா டீச்சர்?" என்றார்.

தர்ஷிகா முன்னால் வந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். டீச்சர் கையை ஓங்கினார். கை கன்னம் வரை வந்தது. அங்கிருந்து மேலே போய், நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் விட்டது.

மகுடபதி சற்று யோசித்தார். "இது அறையில சேராதுங்க டீச்சர்."

"தெரியுது சார். கை அங்கதான் போகுது."

மறுபடி ஓங்கினார். இந்தத் தடவை கை போய் ரிப்பனை இறுக்கிக் கட்டியது. நாளைக்குப் பார்க்கலாம் என்று மகுடபதி பையை எடுத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால்தான் எனக்கு மூளை ஓடும்.

"சார், இந்த அநியாயத்தப் பாருங்கன்னு ஊருக்கெல்லாம் அனுப்புனவுக, பாத்துட்டுத்தான அனுப்பியிருப்பாக? அவுக இல்லாம நடத்துனா, நாங்க பாத்தது இது இல்லன்னு நாளைக்குச் சொல்ல மாட்டாகளா?"

விதியும் அப்படித்தான் என்று மகுடபதி ஒத்துக்கொண்டார். மறுநாள் காலை, அனுப்பியவர்கள் எல்லோரும் ஐந்தாம் வகுப்புக்கு வரவழைக்கப்பட்டார்கள். மருந்துக்கடை தங்கவேலு, தையல்கடைப் பெண்கள், கல்யாண மண்டப மேனேஜர், என் கொழுந்தன், அவர்களோடு வீரணனும் வந்தார். பார்த்ததாகச் சொன்னதைப் பார்த்து முடிக்கும்வரை அவர்கள் சாட்சிகள். பள்ளி மணி அடிக்கும்வரை எழுந்து போக முடியாது. பெஞ்சு பிள்ளைகளுக்கே போதாது என்பதால் சுவரோரம் பாய் விரித்து உட்கார வைத்தோம். பள்ளி நேரத்தில் பாடம் நிற்கக் கூடாது என்பதால் டீச்சர் பின்னக் கணக்கை ஆரம்பித்தார். மதியம் அவர்களுக்கும் சோறும் முட்டையும் உண்டு. பவுனுத்தாய் தங்கவேலுவுக்கு மட்டும் சாம்பாரை ஒரு கரண்டி கூடவே ஊற்றினார். பல்லிச் செய்தியை அனுப்பியதும் அவர்தான்.

சாயங்காலம் மணி அடித்தால் வீட்டுக்குப் போகலாம். மறுநாள் காலை பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்க வேண்டும். தங்கவேலு வீட்டுப்பாடம் எழுதாமல் வந்ததால் ஒரு பீரியடு வெளியே நின்றார். டீச்சர் பாடத்துக்கு நடுவே அவ்வப்போது கையை ஓங்கிப் பார்ப்பார். கை சட்டைப் பொத்தானைப் போட்டுவிடும், இல்லாவிட்டால் சாக்பீஸ் தூளைத் தட்டிவிடும்.

வாரம் முடிய ஒருநாள் இருந்தபோது வீரணன் எழுந்து நின்றார். அவர் ஆட்டோ சும்மா நின்றுகொண்டிருந்தது. அவருக்கு வழக்கமாக லோடு கொடுக்கும் வாழைத்தார்க்காரர் வேறு வண்டி பார்த்துவிட்டார்.

"டீச்சர், கும்புட்டுக் கேக்குறேன். பாப்பாவ ஒரு அறை அறஞ்சு விட்ருங்க. நான் பொழப்பப் பாக்கணும்."

தர்ஷிகா பென்சிலை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். டீச்சரின் கையைத் தானே எடுத்து, தன் கன்னத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"அடிங்க டீச்சர். அப்பா வேலைக்குப் போகணும்."

இதைச் சொல்லத்தானா இந்தப் பிள்ளை பேசக் கற்றுக்கொண்டது என்று எனக்கு இருந்தது.

வீரணன் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீ போயி உக்காரு பாப்பா," என்றார். பிறகு மகுடபதியின் பக்கம் திரும்பினார். "சார், நான் எதையும் பாக்கல. போன்ல எம்மக பேரு வந்துச்சு. பேரப் பாத்தேன், மூஞ்சியப் பாக்கல."

அப்படி ஒரு வார்த்தையை எங்கள் ஊரில் அதுவரை யாரும் சொன்னதில்லை. மகுடபதி விதியை எடுத்துச் சொன்னார். பார்க்காதவர் சாட்சி இல்லை, போகலாம். ஆனால் பார்க்கவில்லை என்பதை, யார் யாருக்கு அனுப்பினாரோ அத்தனை பேரிடமும் சொல்ல வேண்டும். அது போனில் ஏறாது. என் கொழுந்தன் ஏற்றிப் பார்த்தான், ஏறவில்லை. வீடு வீடாகப் போய் வாயால்தான் சொல்ல வேண்டும். வீரணன் ஆட்டோவை எடுத்தார். தையல்கடைப் பெண்கள் "நாங்களும் பாக்கல" என்று அதிலேயே ஏறிக்கொண்டார்கள். மண்டப மேனேஜரும் என் கொழுந்தனும் பின்னால் நடந்தார்கள். தங்கவேலு வீட்டுப்பாடத்தை முடித்துக் காட்டிவிட்டுக் கடைசியாகப் போனார். சில வீடுகளில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்களாம், சில வீடுகளில் கதவையே திறக்கவில்லையாம். சொல்லி முடிக்க மாசக்கணக்கில் ஆயிற்று. அனுப்புவதற்குக் கட்டைவிரல் போதுமாக இருந்தது.

சாட்சி இல்லாமல் அறை தேவையில்லை. டீச்சர் என் நீலச் சேலையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மகுடபதி மட்டும் கிளம்பவில்லை. நேரில் விசாரித்து உறுதி செய்தேன் என்று அவர் மேலிடத்துக்கு அனுப்பியிருந்தார். எங்கள் பள்ளிக்கு வருவதற்கு முன்பே அனுப்பியது.

"நீங்களும் பாக்கலன்னு சொல்லிட்டுப் போங்க சார்," என்றேன்.

"சொல்லலாம் தலைவியம்மா. இத்தனை வருஷ சர்வீஸ்ல அப்படிச் சொன்னதில்லை. வாய் வரமாட்டேங்குது."

முயற்சி செய்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சாட்சி ஒருவர் இருக்கும்வரை வழக்கு முடியாது. முடியாத வழக்குக்குப் பள்ளியைப் பூட்ட மாட்டார்கள், டீச்சரையும் அனுப்ப மாட்டார்கள். பையை உத்தரவோடு ஆணியில் மாட்டிவிட்டு அவர் பாயில் உட்கார்ந்தார். தர்ஷிகா நகர்ந்து, பெஞ்சில் தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

இப்போது ஐந்தாம் வகுப்பில் அவரும் ஒரு பிள்ளை. பின்னத்தில் கொஞ்சம் மந்தம். சோற்றுக்குத் தட்டு அவரே கொண்டு வருகிறார். டீச்சர் தினமும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிருக்கிறார். பதில் எதிர்பார்ப்பதில்லை.

நேற்று மில்லுக்கு ஆள் ஓடிவந்தது. ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கல்வி அலுவலரைக் கன்னத்தில் அறைந்துவிட்டாள் என்று வந்திருக்கிறதாம். படம் அதே பழைய படம்தான், பேரை மட்டும் மாற்றியிருந்தார்கள். பள்ளிக்குப் போய்ச் சொன்னேன். மகுடபதி கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தர்ஷிகாவின் பக்கம் கன்னத்தைத் திருப்பினார்.

"இருங்க சார்," என்றாள் அவள். "இந்தக் கணக்க முடிச்சுட்டு வாரேன்."

நான் நீலச் சேலையை எடுத்துவர வீட்டுக்குப் போனேன்.