ஒற்றைப் படுக்கை போதும்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு நாட்டையே வரைபடமாக ஒட்டி வைத்திருக்கிறோம். மலையும் ஏரியுமாக நிறைந்து கிடக்கிற நாடு. நடுநடுவே ஊர்கள், போனால் போகிறதென்று தூவிவிட்டது போல. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து அந்த நாட்டைச் சுற்றி வர வேண்டும் என்பது திட்டம். என் ஆசை அதைவிடச் சின்னது. என் வீட்டுக்காரரும் நானும் ஒரே கரையில் நின்று ஒரே ஏரியைப் பார்க்க வேண்டும். அது நடக்காமல் போனால், எங்கள் இருவருக்கும் நடுவில் மிச்சமிருக்கிற கொஞ்சமும் போய்விடும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பயம்.

சிரிக்காதீர்கள். நான் மருத்துவமனையில் இரவு டியூட்டி நர்ஸ். அவர் குடிநீர் நிலையத்தில் பகல் டியூட்டி பம்ப் ஆபரேட்டர். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, யாராவது ஒருத்தர் அவளோடு வீட்டில் இருந்தாக வேண்டுமே என்று இப்படிக் கேட்டு வாங்கிக்கொண்டோம். அவள் வளர்ந்தாள், பள்ளியை முடித்தாள், போன வருஷம் வேறு ஊருக்குப் படிக்கவும் போய்விட்டாள். டியூட்டி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. வார விடுமுறைகூட எனக்கு ஒரு நாள், அவருக்கு வேறொரு நாள்.

காலையில் நான் படியேறி வரும்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார். வாசலிலேயே பொறுப்பை மாற்றிக்கொள்வோம். "பால் காய்ச்சியாச்சு. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுது. பாப்பா போன் பண்ணா, நல்லா இருக்காளாம்." சாயங்காலம் என் முறை. "சாப்பாடு மேசை மேல இருக்கு. கேஸுக்குச் சொல்லியாச்சு. துணி காஞ்சா எடுத்து வச்சிருங்க." அவ்வளவுதான் எங்கள் குடும்பப் பேச்சு. வார்டில் ஒரு நோயாளியைப் பற்றி அடுத்த நர்ஸிடம் சொல்வதற்குக்கூட இதைவிட நாலு வார்த்தை அதிகமாகும்.

அந்த நாடு சுவருக்கு வந்த பிறகு எனக்கு இரவுகள் மாறிவிட்டன. வார்டில் விளக்கைக் குறைத்ததும் ஜன்னலுக்கு வெளியே கட்டடங்கள் இருக்காது. மூடுபனிதான் இருக்கும். பனிக்கு அடியில் எங்கேயோ ஒரு ஏரி மெல்ல மூச்சுவிடும். வண்டி ஓடுகிற சத்தமே கேட்காது. ஈரப் புல் வாசனை மட்டும் வரும், வளைவு திரும்பினால் பாதையை மறித்துக்கொண்டு ஆட்டுக் கூட்டம் நிற்கும், எங்களுக்கும் அவசரமே இருக்காது. யாராவது "சிஸ்டர்" என்று கூப்பிட்டால்தான் திரும்பி வருவேன். அவருக்கும் பம்ப் அறையில் இப்படித்தான் இருந்திருக்கிறது. ஒரு நாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அங்க தண்ணிய யாரும் பம்ப் பண்ண வேணாம், தெரியுமா? மலையிலேருந்து தானா எறங்கி வருதாம்" என்றார். சொல்லிவிட்டு வெட்கப்பட்ட மாதிரி ஓடிவிட்டார்.

பாதையை நூலால் குறித்தோம். பகலில் நான் வீட்டில் இருக்கும்போது சிவப்பு நூல் ஒட்டுவேன், அது நான் ராத்திரியில் ஓட்டப்போகிற தூரம். இரவில் அவர் நீல நூல் ஒட்டுவார், அது அவர் பகலில் ஓட்டப்போவது. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் படுத்துத் தூங்கிவிடுவது. வண்டி ஒரு நிமிஷம் சும்மா நிற்காது, நாடு முழுக்கப் பார்த்துவிடலாம். சிவப்பு முடிகிற இடத்தில் நீலம் ஆரம்பிக்கும், நீலம் முடிகிற இடத்தில் சிவப்பு. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று இழுத்தார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் குடிநீர் நிலையத்தில் தொட்டி கழுவுகிறார்கள் என்று அவர் மத்தியானமே வந்துவிட்டார். எனக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. வேன் வாடகைக்கு விடுகிற அலுவலகத்துக்குப் போன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். எடுத்தது ஒரு பெண், கலகலப்பான குரல்.

"படுக்கை டபுளா சார், இல்ல ரெண்டு சிங்கிளா?"

"ஒரே ஒரு சிங்கிள் போதும்மா."

"ஒருத்தர்தான் போறீங்களா?"

"இல்லம்மா, நானும் வீட்டுக்காரியும். ஒருத்தர் ஓட்டும்போது ஒருத்தர் தூங்குவோம். எதுக்கு வீணா ரெண்டு படுக்கை?" சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்!

"சார், வண்டி ஓடும்போது யாரும் படுக்கையில படுக்கக் கூடாது. ரூல்ஸ். ரெண்டு பேரும் சீட்ல உக்காந்து பெல்ட் போட்டுக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தப்பா நெனைக்காதீங்க சார். ரெண்டு பேரும் ஒண்ணா முழிச்சிருக்கப் போறதே இல்லன்னா, எதுக்கு சார் சேர்ந்து போறீங்க?"

அப்புறம் கூப்பிடுகிறோம் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

நான் சுவரைப் பார்த்தேன். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். ஒரு விரற்கடை தூரம்கூட இரண்டு நூலும் சேர்ந்து போகவில்லை. ஒரே ஏரிக்கு ஏங்கிச் செத்தவள், என் கையாலேயே அவரைத் தூங்க வைத்து ஏரி ஏரியாகத் தாண்டியிருக்கிறேன். அதிலும் எனக்கு ஒட்டிக்கொண்டது முழுக்க இரவு. இருட்டில் எந்த மலை தெரியும்? மரமண்டை, மரமண்டை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவர் மெதுவாகக் கேட்டார். "அப்ப, போற வழியெல்லாம் ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டே வரணுமா?"

அவர் முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல்தான் இருக்கும்.

"ஏன், என்கூட முழிச்சிருக்கறது உங்களுக்கு அவ்ளோ கஷ்டமா? போக வேணாம். கிழிச்சுப் போடுங்க எல்லாத்தையும்!"

"கஷ்டம் இல்லடி. பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"பால், கேஸு, குழாய் எல்லாம் சொல்லி முடிச்சதுக்கு அப்புறம் உன்கிட்ட என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல. பாப்பா இருந்தா அவளைப் பத்திப் பேசலாம். அவ்ளோ பெரிய நாட்டுல, முன் சீட்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்துகிட்டு, பேச ஒண்ணுமே இல்லாமப் போச்சுன்னா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நானும் இதைத்தான் இத்தனை நாளாக விழுங்கிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லவும் செய்தேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். ஆனால் பேச்சு வரவில்லை. அவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார், நான் மூக்கைச் சிந்தினேன். அதற்குள் என் டியூட்டி நேரம் வந்துவிட்டது.

வாசலில் வழக்கம்போல வாயைத் திறந்தேன். "சாப்பாடு மேசை மேல..."

"ராத்திரியெல்லாம் வார்டுல என்ன பண்ணுவ?" என்று கேட்டார்.

"கெளம்புற நேரத்துல கேக்கற கேள்வியா இது?"

"அப்ப நானும் வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தார். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கடைகளில் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டார்கள். நான் சொல்லத் தொடங்கினேன். தூக்கத்தில் பாட்டுப் பாடுகிற தாத்தா, கடைசிப் படுக்கைக்காரர் செய்கிற அழிச்சாட்டியம், எல்லோரும் தூங்கிய பிறகு அந்தப் பெரிய ஹாலில் நிற்கும்போது வருகிற ஒரு மாதிரி அமைதி. அவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப உங்க கதையச் சொல்லுங்க."

"என் வேலையில என்ன இருக்கு? மீட்டர் முள்ளைப் பாக்கணும். காலையில ஊரே குழாயத் திறக்கும், முள்ளு எறங்கும். அப்புறம் ஏறிடும்." என் பக்கம் திரும்பினார். "மத்தியானத்துல நீ எந்திரிச்சுக் குளிப்பல்ல? அந்த நேரத்துக்கு முள்ளு கொஞ்சம் அசையுதான்னு பாப்பேன்."

"பைத்தியமா உங்களுக்கு? ஊருக்கே போற தண்ணி. நான் குளிக்கற ஒரு பக்கெட் அதுல தெரியுமா?"

"தெரியாதுதான்" என்றார். "ஆனா தெனமும் பாப்பேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் நாலு பேர் பார்த்தார்கள், பார்க்கட்டும். எப்போது நிமிர்ந்தேன் என்று தெரியவில்லை, ஜன்னலுக்கு வெளியே எங்கள் மருத்துவமனையின் பெயர்ப் பலகை விளக்கோடு பின்னால் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் நான் அந்த நிறுத்தத்தைத் தவறவிட்டதே இல்லை.

"ஏய், உன் ஸ்டாப் போயிடுச்சு!" என்று பதறி எழுந்தார்.

சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "அடுத்ததுல இறங்கி நடந்துக்கலாம். நீங்க சொல்லுங்க, முள்ளு என்னைக்காவது அசைஞ்சுதா?"