தவக்காலத்துக் கேள்வி

வெள்ளை வேட்டியின் ஓரத்தை நீளமாகக் கிழித்து எடுத்துவந்த பாக்கியலெட்சுமி, பிரான்சிஸ்காவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அந்தத் துணியை என்ன செய்வதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். உயிர் போன உடம்புக்கு நாடிக்கட்டு கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வாய் பிளந்துகொள்ளும். எந்தச் சாவு வீட்டிலும் முதல் வேலை அதுதான். ஆனால் இந்த வாய் பிளக்கவில்லை. போன வருசக் கடைசியிலிருந்தே அது சரியாகத் திறந்ததில்லை.

"கட்டத் தேவையில்ல அத்தை," என்றாள் ஜெசீகா.

"வழக்கம்னு ஒன்னு இருக்குல்ல புள்ள."

"அப்ப கட்டுங்க. அந்தப் பக்கம் கழுத்துல கட்டி இருக்கு, பாத்து."

செத்துப்போன அம்மாவுக்கு வலிக்கப் போகிறதா என்ன. இருந்தாலும் பாக்கியலெட்சுமி கழுத்துக் கட்டியில் படாமல் துணியைத் தளர்த்திச் சுற்றி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். வெளியே மடுல்சீமைத் தேயிலை மலை முழுக்க மூட்டம் இறங்கியிருந்தது. விடிந்து வெகுநேரமாகியும் லயத்து வரிசை வீடுகளில் விளக்கை யாரும் அணைக்கவில்லை.

மகள் ஜெசீகா பதுளையில் துணிக்கடையில் வேலை பார்ப்பவள். அம்மா பெரியாஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அவள்தான் கஞ்சியை வடிகட்டி, பல்லிடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியவள். இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, லயத்துக் காம்பராவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். கன்னத்து உள்பக்கம் ஒரு புண். சுடுதேத்தண்ணி பட்டது என்று கராம்பு எண்ணெய் தடவிக்கொண்டே இருந்திருக்கிறாள் மனுசி. கழுத்தில் கட்டி வந்த பிறகுதான் பஸ் ஏறினாள்.

"அத்தை, ஒங்களுக்கும் வாயில வந்திச்சில்ல," என்றாள் ஜெசீகா. "ஒங்களுக்கு மட்டும் எப்புடி நேரத்தோட தெரிஞ்சிச்சி?"

பாக்கியலெட்சுமி பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள். மலையில் கொழுந்து பறித்த காலமெல்லாம் இரண்டு பேரும் ஒரே வெற்றிலைப் பையில் கைவிட்டவர்கள்.

"எனக்கென்னா தெரியும். வலியே இல்ல. வெள்ளையா தேமல் மாதிரி இருக்குன்னு அவங்கதான் கண்டுபுடிச்சாங்க, புத்துநோய்க்கு வாய் பாக்க வந்த ஆஸ்பத்திரிக்காரங்க. அதுக்குப் பெறகுதான் பதுளையில வெட்டி எடுத்தாங்க."

"அம்மாவும் போனாதானே அன்னைக்கு?"

பாக்கியலெட்சுமி வேட்டித் துணியின் மிச்ச நூலை விரலில் சுற்றினாள்.

"போனா. எனக்கு முன்னுக்குத்தான் நின்னா. காலையில வேலைக்குப் பேரு குடுக்கிற பெரட்டுக் களத்துல மேச போட்டு, வர்றவங்கள எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டாங்க, வெத்தில போடுறீங்களான்னு. போடுறவங்க உள்ளுக்கு, போடாதவங்க வீட்டுக்கு. அது போன வருசம், ஒங்க வேதத்துல தவசு காலம். ஒங்கம்மா வெத்திலயத் தொடுறதில்லன்னு ஒறுத்தல் புடிச்சிருந்தா. 'இப்ப போடுறதில்ல'ன்னு சொன்னா. பொய்யில்லியே புள்ள. சரி போங்கன்னு அனுப்பிட்டாங்க. நான் பின்னுக்கு நின்னு சிரிச்சேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். ஒறுத்தல்ல இருக்கவள எப்புடிக் காட்டிக்குடுக்கிறதுன்னு விட்டுட்டேன்."

ஜெசீகாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் படுவது என்று தெரியாத கோபம். கேட்டவன்மேலா, சொன்னவள்மேலா, சிரித்தவள்மேலா? நாற்பது நாள் வெற்றிலையைத் தொடாமல் இருந்தவளிடம், முப்பது வருசமாகப் போட்டாயா என்று ஒரு பிறவிகூடவா திருப்பிக் கேட்கவில்லை?

"எங்க ஆளுங்க எல்லாருமா அப்புடிச் சொன்னாங்க?"

"மாதா கோயிலுக்குப் போறவங்க எல்லாருந்தான். ஒங்கண்ணனுந்தான்."

ஜெசீகா எழுந்து வாசலுக்கு வந்தாள்.

முன்வாசலில் தகரக் கூரை போட்டு, பெஞ்சு அடுக்கியிருந்தார்கள். நடுவில் வெற்றிலைத் தட்டு இருந்தது. இப்போதும் தவக்காலம்தான்; சாமி கும்பிடும் இந்து வீட்டு ஆட்கள் மட்டும் எடுத்து மடித்தார்கள், மற்றவர்கள் தட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஓரத்தில் அண்ணன் ஜீவராஜ் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான். யாரோ பணிசு ரொட்டியும் உறைப்பான கட்டச்சம்பலும் கொடுத்திருந்தார்கள். சம்பலை அப்படியே ஒதுக்கிவிட்டான். பணிசை விரல்நுனி அளவுக்குப் பிய்த்து, தேத்தண்ணியில் முக்கி, உதட்டுக்கு நடுவில் தள்ளினான்.

அம்மா அப்படித்தான் சாப்பிட ஆரம்பித்தாள். உறைப்புப் பிடிக்கவில்லை என்றாள், வயசாகிறது என்றாள். ஜெசீகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். முப்பத்தைந்து வயதுதான் அவனுக்கு. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போகும்போது இடுப்பில் கத்தி ஒரு பக்கம், வெற்றிலைச் சுருள் ஒரு பக்கம்.

பகல் சாய்கிற நேரத்தில் தோட்டத்து மிட்வைஃப் தனுஜா வந்தாள். செருப்பெல்லாம் சேறு, கீழ் ரோட்டிலிருந்து நடந்தே ஏறியிருக்கிறாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று கும்பிட்டுவிட்டு, வாசலுக்கு வந்து ஆண்களைப் பார்த்துப் பேசினாள்.

"சாவு வீட்டுல சொல்றேன்னு கோவிக்காதீங்க. வாய் பாக்குறதுக்கு வியாழக்கிழமை திரும்ப வர்றாங்க. வெத்தில போடுறவங்க கட்டாயம் வரணும். இங்க யாரு யாரு போடுறீங்க?"

இப்போதும் அதே கேள்விதான். பெஞ்சு முழுக்கச் சிவந்த பல்லோடு உட்கார்ந்திருந்தவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஜீவராஜ், நீங்க?"

"நான் இப்ப போடுறதில்ல மிஸ்."

உள்ளே பாக்கியலெட்சுமி தேம்பியது கேட்டது. ஜெசீகா படியிறங்கி அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, தவசுக்கு முந்தி?"

"என்னாடி இது, இந்த நேரத்துல."

"முந்தி போட்டியா இல்லியா?"

"போடாதவன் யாரு. இப்ப விட்டாச்சுல்ல. ஒறுத்தல்ல இருக்கவன்கிட்ட வந்து..."

"அம்மாவும் இதையேதான் சொல்லிட்டுத் திரும்பி வந்திருக்கா."

ஜீவராஜ் கோப்பையைக் கீழே வைத்தான். தனுஜாவுக்கு அப்போதுதான் விளங்கியது போலிருந்தது. முகம் வெளிறி, கையிலிருந்த குடையை மாற்றி மாற்றிப் பிடித்தாள்.

"அப்புடிக் கேட்டிருக்கக் கூடாது," என்று தனக்குள் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு குரலை உயர்த்தினாள். "சரி, போடுறீங்களா இல்லியான்னு கேக்கல. எல்லாரும் வாங்க, பொம்பளைங்களும். ஒன்னும் இல்லாதவங்கதான் முதல்ல வரணும். நோவு வந்த பெறகு நீங்களே ஆஸ்பத்திரிக்கு ஓடுவீங்க, அதுக்கு நாங்க எதுக்கு மலையேறி வரணும்? ஜீவராஜ், வாய் எவ்வளவு தொறக்குதுன்னு பாக்கணும், மூணு வெரல ஒன்னுமேல ஒன்னா நிமித்திப் பல்லுக்கு நடுவுல வச்சிக் காட்டுங்க."

"என்னா மிஸ், ஆளுங்க முன்னாடி."

"வைய்யிண்ணே," என்றாள் ஜெசீகா. குரல் உடைந்துவிட்டது. "ஒன்னக் கையெடுத்துக் கும்புடுறேன்."

அவன் வைத்தான். பிள்ளை விளையாட்டு போல முதலில் லேசாகச் சிரித்துக்கொண்டேதான் வைத்தான். மூன்று விரல் போகவில்லை. ஒன்றை மடக்கினான். இரண்டும் நெருக்கிக்கொண்டுதான் நுழைந்தன. பக்கத்திலிருந்தவர் தன் வாயில் மூன்று விரலை வைத்துப் பார்த்துவிட்டு, சட்டென்று எடுத்து மடியில் மறைத்துக்கொண்டார்.

"வலி ஒன்னும் இல்ல மிஸ்."

"இருக்காது," என்றாள் தனுஜா. "வியாழக்கிழமை வரைக்கும் இருக்க வேணாம். நாளைக்கு அடக்கம் முடியட்டும். மறுநாள் காலையில பதுளைக்கு வாங்க, நானும் வர்றேன்."

ஜீவராஜ் ஈர விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். ஜெசீகா அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் பசறைச் சந்தைக் கூட்டத்தில் அப்படித்தான் பிடித்துக்கொண்டு நடப்பாள்.

கோயில் உபதேசியார் செபமாலையோடு வந்து சேர்ந்தார். மூத்த மகன்தான் தொடங்க வேண்டும் என்றார். ஜீவராஜ் பெட்டியின் கால்மாட்டில் முழங்காலிட்டு, முதல் மணியைப் பிடித்துச் செபத்தைத் தொடங்கினான். வார்த்தைகள் பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே நசுங்கி, முனகலாக வந்தன. போன நத்தாருக்கு, பாலன் பிறந்த ராத்திரியில், அம்மா செபம் சொன்னதும் இதே குரலில்தான். வயசானால் பக்தி கூடி, சத்தம் அடங்கிவிடும் என்று அன்றைக்கு எல்லோரும் நினைத்தார்கள்.

பின்னாலிருந்து ஒரு கிழவர், விசயம் ஒன்றும் அறியாதவர், காதோரம் கையைக் குவித்தார்.

"வாயத் தொறந்து சொல்லுங்க தம்பி. இங்க கேக்கல."

ஜீவராஜ் மறுபடி முதல் மணியிலிருந்து தொடங்கினான்.