இல்லாத இரண்டு வாரம்

கனடாவின் ஸ்கலி கோவ் என்ற கடலோர ஊரில் எந்த வீட்டு அடுக்களைக்குள் போனாலும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு நாட்காட்டி தொங்கும். சிவப்பு அடித்த நாளெல்லாம் வீட்டு ஆண்பிள்ளை நாட்டின் மறுகோடியில் ஆல்பர்ட்டாவில், எண்ணெய் வயல் கேம்ப்பில். பச்சை அடித்த நாளெல்லாம் வீட்டில். இருபது நாள் அங்கே, எட்டு நாள் இங்கே. கடலில் மீன் அற்றுப்போனதிலிருந்து இந்த நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் பாதிப் பேருக்கு இதுதான் பிழைப்பு. அதனால் யார் புருஷன் எப்போது ஊரில் இருந்தான் என்பது ஊருக்கே மனப்பாடம். அந்த மனப்பாடம்தான் ட்ரூடியின் மானத்தை வாங்கியது.

ட்ரூடி செய்த குற்றம் என்ன? கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வயிற்றில் தங்கிய பிள்ளை. ஸ்கேன் எடுத்த சந்தோஷத்தில், திராட்சை அளவுக்குச் சுருண்டு கிடந்த அதன் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டாள். அவ்வளவுதான். படத்தின் மூலையில் 'ஒன்பது வாரம்' என்று மெஷின் அச்சடித்திருந்ததை அவள் கவனிக்கக்கூட இல்லை. ஊர் கவனித்தது.

முதலில் கவனித்த புண்ணியவதி கிளெண்டா. ட்ரூடியின் புருஷன் டாரலுக்கு அக்கா. அவள் புருஷனும் டாரலும் ஒரே கேம்ப், ஒரே வேலைச் சுற்று, ஒரே விமானத்தில் போய் ஒரே விமானத்தில் திரும்புகிறவர்கள். மறுநாள் காலை ட்ரூடி பள்ளிப் பேருந்தை ஓட்டிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீடு திரும்பினால், கிளெண்டா அடுக்களையில் உட்கார்ந்து டீ போட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏன்டி ட்ரூடி, படத்துல ஒன்பது வாரம்னு போட்டிருக்கே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. ஒன்பது வாரத்துக்கு முன்னாடி நம்ம வீட்டு ஆளுங்க ரெண்டு பேரும் கேம்ப்புலல்ல இருந்தாங்க? அதான் யோசிச்சேன்."

"என்ன யோசிச்சே?"

"நான் என்னத்தம்மா யோசிக்கப் போறேன்? ஊரு யோசிக்குது."

ட்ரூடிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எழுந்துபோய் நாட்காட்டியில் விரல் வைத்துப் பின்னோக்கி எண்ணினாள். விரல் சிவப்பில் போய் நின்றது. பச்சை வருவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அவளுக்குக் கை நடுங்கியது. தப்பு செய்யாதவளுக்கு ஏன் நடுங்க வேண்டும் என்று கேட்கிற நியாயவான்கள் எல்லா ஊரிலும் உண்டு. நடுங்கும் சாமி, நன்றாகவே நடுங்கும். தன் உடம்பு தனக்கே எதிராகச் சாட்சி சொல்கிறதே என்று நினைத்தால் யாருக்குத்தான் நடுங்காது? கிளெண்டா அந்தக் கையையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனாள்.

ட்ரூடி உடனே கிளினிக்குக்குப் போன் போட்டாள். "உங்க மெஷின் தப்பா காட்டுது" என்று கத்தினாள். அந்தப் பக்கம் நர்ஸ் சிரித்தாள்.

"மெஷின் சரியாத்தான் காட்டுது கண்ணு. நாங்க கரு உருவான நாள்லேர்ந்து எண்றதில்ல. கடைசியா நீ தூரமான முதல் நாள்லேர்ந்து எண்ணுவோம். கரு தரிச்சது அதுக்கப்புறம் ரெண்டு வாரம் கழிச்சு. உன் பிள்ளைக்கு உண்மையான வயசு ஏழு வாரம்தான்."

"அப்ப முதல் ரெண்டு வாரம்?"

"அந்த ரெண்டு வாரம் உள்ள பிள்ளையே கிடையாது."

"இல்லாத பிள்ளைக்கு எதுக்கு வயசு போடுறீங்க?"

"கரு எந்த நாள்ல தரிச்சதுன்னு யாருக்கும் தெரியாதுல்ல? தூரமான நாள் எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். அதான் அப்படி ஒரு வழக்கம்."

யாருக்கும் தெரியாதாம்! புருஷன் மாதத்தில் எட்டே நாள் வீட்டிலிருக்கிற ஊரில் எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? உலகத்துக்கெல்லாம் பொதுவாக எவனோ போட்டு வைத்த கணக்கு, அதை ஒரு வார்த்தை சொல்லி விளக்காமல் படத்தின் மூலையில் அடித்துக் கொடுத்து அனுப்புகிறார்கள். அடிக்கிற மெஷினுக்கு என்ன, அதற்கு நாத்தனாரா இருக்கிறாள்?

ஆனாலும் ட்ரூடிக்கு உயிர் வந்தது. பிழை எங்கே என்று தெரிந்துவிட்டதே. அன்று மாலை டாரல் கேம்ப்பிலிருந்து கூப்பிட்டதும் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"டாரல்? இருக்கியா?"

"இருக்கேன். கிளெண்டா எனக்கும் போன் பண்ணினா." கொஞ்சம் இருமினான். "நான் உன்னை ஒண்ணும் சொல்லல ட்ரூடி. இங்க பசங்க கேலி பண்றாங்க. ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துட்டா என்ன? எல்லார் வாயையும் அடைச்சுடலாம்."

"யார் வாயை?"

"எல்லார் வாயையும்தான்."

"உன் வாயையும் சேர்த்தா?"

நேரமாயிற்று, ஷிஃப்ட் இருக்கிறது என்று வைத்துவிட்டான். ஊர் ஆயிரம் பேசட்டும், அது ஊரின் வேலை. ஆறு வருஷம் ஒரே தட்டில் தின்றவன் ரத்தம் கேட்டான். ட்ரூடிக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் மதியச் சாப்பாடு. போக மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். போகாவிட்டால் பயந்துவிட்டாள் என்பார்கள். போனாள். மேசையில் உப்பிட்ட மாட்டிறைச்சி, கோஸ், டர்னிப், துணியில் கட்டி வேகவைத்த பட்டாணிக் களி, எல்லாம் ஆவி பறக்க இருந்தது. மாமனார் கிளார் வழக்கம்போல யாரையும் பார்க்காமல் சாப்பிட்டார். மாமியார் எஃபி ட்ரூடியின் தட்டில் பரிமாறினாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. டாரல் உருளைக்கிழங்கை நசுக்கிக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

கிளெண்டாதான் ஆரம்பித்தாள். "பரிசோதனைக்கு எப்ப போறீங்க ரெண்டு பேரும்?"

"எதுக்குப் போகணும்?" என்றாள் ட்ரூடி. "கிளினிக்ல ரெண்டு வாரம் சேர்த்து எண்றாங்க. அதை உனக்கு ஃபேஸ்புக்லயே எழுதினேன். படிக்கலையா?"

"படிச்சேன் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தே."

எஃபி கரண்டியை டக்கென்று வைத்தாள். "ரெண்டு வாரம் சேர்த்து எண்றாங்களாம்! எந்த ஊர்ல? நாலு பெத்தவ நான், எனக்கு வாரக் கணக்கு சொல்லித் தராதே. இவன் வயித்துல இருந்தப்ப டாக்டர் நாப்பது வாரம்னு நாள் குறிச்சார். அக்டோபர் நாலு. காலையில வலி எடுத்துச்சு, சாயங்காலம் கையில இருந்தான். ஒரு நாள் முன்னே பின்னே கிடையாது. கணக்குன்னா அது கணக்கு."

ட்ரூடி முள்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"கிளெண்டா, நீதான் நல்லா எண்ணுவியே. உன் போன்ல நாட்காட்டியை எடு. உன் தம்பி பிறந்த நாள்லேர்ந்து நாப்பது வாரம் பின்னாடி போ."

"எதுக்கு?"

"போயேன். எனக்கு மட்டும்தான் எண்ணுவியா?"

கிளெண்டா உதட்டைச் சுழித்துக்கொண்டே எண்ணினாள். செப்டம்பர், ஆகஸ்ட், ஜூலை என்று விரல் தள்ளிக்கொண்டே போயிற்று. "டிசம்பர் இருபத்தெட்டு" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாய் திறந்தபடி நின்றது.

அந்தக் கிறிஸ்துமஸின் கதை அந்த வீட்டில் நாய்க்குக்கூடத் தெரியும். எஃபி வருஷா வருஷம் வான்கோழியை அறுக்கும்போது சொல்வாள். கிளார் அப்போது பெரிய ஏரிகளில் சரக்குக் கப்பலில் வேலை. பனிக்கட்டி இறுகிக் கப்பல் மாட்டிக்கொண்டது. மூன்று பிள்ளைகளோடு அவள் ஒற்றையாகப் பண்டிகை கொண்டாடினாள். ஜனவரி ஆறு, பழைய கிறிஸ்துமஸ், அதுவும் முடிந்து மூன்று நாள் கழித்துத்தான் மனுஷன் வாசலில் வந்து நின்றார்.

"அப்ப மாமா எங்க இருந்தார் அத்தை?" என்று கேட்டாள் ட்ரூடி.

திடீரென்று கிளார் சிரித்தார். வாயிலிருந்த டர்னிப் மேசையில் தெறிக்கச் சிரித்தார்.

"அடிப்பாவி எஃபி! அந்த வருஷம் மும்மர் வேஷத்துல வந்தவன் எவன்டி?"

பண்டிகை நாட்களில் முகத்தை மூடிக்கொண்டு வீடு வீடாக வந்து ஆடி, குடித்துவிட்டுப் போகிறவர்களைச் சொன்னார். அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எஃபிக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது, நாற்காலி பின்னால் சாய எழுந்தாள்.

"என்னைப் பாத்தா? இந்த வீட்ல என்னைப் பாத்தா இந்தக் கேள்வி? தனியாக் கெடந்து மூணையும் காப்பாத்தினேன், ஒருத்தன் நிழல் இந்தப் படியில விழுந்ததில்ல. நான் பெத்த பிள்ளைங்க முன்னாடி உக்காந்து கணக்கு எண்றீங்களா? வெக்கமா இல்ல?"

"எரியுதா அத்தை?" ட்ரூடியும் எழுந்துவிட்டாள். "எனக்கும் அப்படித்தான் எரிஞ்சுது. இன்னும் எரிஞ்சுகிட்டு இருக்கு. நீங்க சுத்தம்னு எனக்குத் தெரியும். டாக்டர் உங்களுக்கும் ரெண்டு வாரம் சேர்த்துத்தான் நாள் குறிச்சார், உங்ககிட்ட சொல்லல, அவ்வளவுதான். கேளு கிளெண்டா, நல்லாக் கேட்டுக்கோ. முதல் ரெண்டு வாரம் முட்டை பழுக்குது, அவ்வளவுதான், பிள்ளை கிடையாது. அப்புறம்தான் முட்டை வெளிய வந்து குழாய்க்குள்ள விந்தோட சேருது. ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், அப்படியே பிரிஞ்சுகிட்டே கீழ இறங்கி வரும். கர்ப்பப்பைக்கு வந்து ஒட்டிக்க ஒரு வாரம் ஆகும். அப்புறம் இன்னும் ரெண்டு வாரத்துல இதயம் துடிக்க ஆரம்பிக்கும். கடுகளவு இருக்கும்போதே துடிக்கும். இப்ப என் பிள்ளைக்கு விரல் முளைச்சிருக்கு. அதுக்கு விரல் முளைக்கிற நேரத்துல நீ அதுக்கு அப்பன் யாருன்னு விரல் விட்டு எண்ணிகிட்டு இருந்தே."

கிளெண்டா போனைக் கவிழ்த்து வைத்தாள். "எனக்கு எப்படித் தெரியும்?" என்று முனகினாள். எஃபி உட்கார்ந்தாள், ரொம்ப நேரம் மேசை விரிப்பை நீவிக்கொண்டிருந்தாள். பிறகு ட்ரூடியின் தட்டை எடுத்து, ஆறிப்போனதைக் கொட்டிவிட்டு, சூடாக மறுபடி பரிமாறினாள். அந்த வீட்டில் மன்னிப்பு அப்படித்தான் வரும். டாரலுக்கு இப்போதுதான் உயிர் வந்தது. அப்பாவின் முதுகில் தட்டி, "மும்மராம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். இரண்டு தட்டு சாப்பிட்டான்.

வெளியே வண்டியில் ஏறியதும் ட்ரூடியின் கையைப் பிடித்தான். "நல்லாக் குடுத்தே போ. தீர்ந்துச்சு. இனிமே ரத்தப் பரிசோதனை எல்லாம் வேணாம்."

ஏதோ பெரிய மனசு பண்ணி அவளுக்கு விட்டுக்கொடுப்பதுபோலச் சொன்னான். ட்ரூடி கையை இழுத்துக்கொண்டாள்.

"கிளெண்டா எண்ணி முடிச்சப்ப உங்கப்பா மூஞ்சியைப் பாத்தியா?"

"பாத்தேனே. மனுஷன் சிரிச்ச சிரிப்பு..."

"எப்ப சிரிச்சார்?"

"எப்பன்னா?"

"நான் அந்த ரெண்டு வாரத்தை விளக்கிச் சொல்றதுக்கு முன்னாடியே சிரிச்சார் டாரல். கணக்கு அவர் பொண்டாட்டிக்கு எதிராத்தான் நின்னுச்சு. அவர் அதைத் திரும்பிக்கூடப் பாக்கல." அவள் கதவைத் திறந்தாள். "நீ நான் சொல்லி முடிச்சப்புறம்தான் சிரிச்சே."

இறங்கி, துறைமுகத்தை ஒட்டிய சாலையில் வீட்டைப் பார்த்து நடந்தாள். டாரல் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு அவள் பக்கத்திலேயே வந்தான். கண்ணாடியை இறக்கி, "ஏறு ட்ரூடி, எல்லாரும் பாக்குறாங்க" என்று கெஞ்சினான். வழி நெடுக ஜன்னல் திரைகள் விலகின. அவள் ஏறவில்லை.