ஏழு நிமிட மேகம்

கடல் தாண்டி வேலைக்குப் போன இருபத்துநான்கு வயதுக்காரன் ஒருவனுக்கு, எட்டுக் கட்டில் போட்ட அறையில், தலைக்கு மேல் மட்டும் மழை பெய்தது. கூட இருந்தவர்கள் அவனுக்கு மேகம் என்று பெயர் வைத்தார்கள். அவன் கட்டிலை வடிகால் பக்கம் நகர்த்தினார்கள். துணிக்கொடியை எதிர்மூலைக்கு மாற்றினார்கள். அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

தொழிற்சாலையின் குளிரூட்டும் கோபுரத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு மிஞ்சும். பாசி பிடிக்காமலிருக்க மருந்தும் போடுவார்கள். அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தைத் தினமும் தொட்டியில் இறக்கி, மருந்தை முறித்த பிறகுதான் வாய்க்காலில் விட வேண்டும். விடுவதற்கு முன் குப்பியில் பிடித்து, சோதனைச் சொட்டு விட்டு, ஏழு நிமிடம் பார்க்க வேண்டும், இளஞ்சிவப்பானால் மருந்து இன்னும் மிச்சம், விடக்கூடாது. ஏழு நிமிடம் நின்றால் ஷிப்ட் பஸ் போய்விடும். பதினொரு நாள் அவன் பதிவேட்டில் முந்தின நாள் எழுதியதையே பார்த்து எழுதிவிட்டு வால்வைத் திறந்தான்.

பன்னிரண்டாம் நாள் அந்த வாய்க்காலில் வாத்து மேய்ப்பவர் ஒரு செத்த வாத்தை வாளியில் போட்டுக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கு வந்தார்.

"அறுபது போச்சு தம்பி. தண்ணியில ஏதாச்சும் கலந்துச்சா?"

பதிவேட்டைப் பிரித்துக் காட்டினான். "எல்லாம் சரியாத்தான் இருக்கு பெரியவரே."

அவர் தீவனக்காரனைத் திட்டிக்கொண்டே போனார். அன்று மாலை கோபுரத்து ஆவியில் ஒரு துண்டு கழன்று, அவன் பின்னாலேயே பஸ்ஸில் ஏறியது. நனைந்து காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்தது.

வீடியோவில் அக்கா பார்த்துவிட்டாள். "என்னடா, கூரை ஒழுகுதா? குடை அனுப்பவா?"

"பைப் ரிப்பேர்க்கா" என்றான். மழை வலுத்தது.

நாற்பது நாள் நனைந்தபின் பதிவேட்டை மேனேஜர் மேசையில் வைத்து உள்ளதைச் சொன்னான். வேலை போயிற்று. அங்கிருந்து நேராக வாத்துக்காரரிடம் போய்ச் சொன்னான்.

"உன் எழுத்தை நம்பித்தான் மிச்சத்தையும் அதே தண்ணியில விட்டேன்."

சொல்லிவிட்டால் மேகம் கலைந்துவிடும் என்று நினைத்திருந்தான். கலையவில்லை. மிஞ்சிய நான்கு வாத்துகளும் அவன் மழைக்குள் வந்து நின்றன. அவற்றை விரட்டிவிட்டு, பையிலிருந்த குப்பியில் மழையைப் பிடித்து, சொட்டு விட்டு, முழுசாக ஏழு நிமிடம் நின்றான். கடைசி பஸ் போயிற்று. நிறம் மாறவில்லை.

வாத்துக்காரர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நாளைக்கும் வா. குட்டை வத்திக் கெடக்கு."

இன்னும் தினமும் போகிறான். தினமும் மழையைச் சோதித்த பிறகுதான் வாத்துகளைக் குட்டையில் விடுகிறான். இதைப் படிப்பவர் யாரானாலும் அவன் அக்காவிடம் சொல்லிவிடுங்கள்: வேலை போய்விட்டது, பைப்பில் ரிப்பேர் எதுவும் இல்லை, குடை அனுப்ப வேண்டாம்.