ஓடும் பஸ்ஸில் காதுகுத்து

ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்த என் அண்ணன் சீனிராஜுக்கு அந்த வேகம் இன்னும் தீரவில்லை. பஸ் போகும் பக்கமே முகம் வைத்து, முறைப்படிதான் குதித்தான். பஸ் போய்விட்டது, வேகம் அவனிடமே தங்கிவிட்டது. அன்றிலிருந்து சாத்தூர்ச் சாலையில் போவதும் வருவதுமாக ஓடிக்கொண்டிருக்கிறான். நான் சாலையோரம் நின்று சோற்று உருண்டையை நீட்டுவேன். கடக்கும்போது வாங்கிக்கொள்வான்.

அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. என் மகள் பூவிதாவுக்குக் காது குத்த நாள் குறித்தபோதுதான் சிக்கல் வந்தது. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மடி வேண்டுமென்றால் மாமன் உட்கார வேண்டும்.

"ஒன் அண்ணன் நிக்கவே மாட்டான், எங்கிட்டு உக்காரப் போறான்? எந்தம்பி மடி இருக்குல்ல" என்றார் மாமியார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறந்த வீட்டுச் சீர் என்று எனக்கு மிச்சமிருப்பதே அந்த ஒரு மடிதான்.

குறித்த நாளில், அண்ணன் குதித்த அதே பஸ்ஸில் சொந்தபந்தமெல்லாம் ஏறினோம்.

"அண்ணன் வேகத்துக்கே ஓட்டுறேன்க்கா. கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்" என்றார் டிரைவர்.

பஸ் பக்கத்தில் போனதும் அண்ணன் சும்மா நிற்பதுபோல் தெரிந்தான். படியில் கால் வைத்து ஏறி, காலியாக இருந்த சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. கண்டக்டர் டிக்கெட் கொடுத்தார்.

பூவிதாவை மடியில் வைத்தோம். ஆசாரி வலது காதைக் குத்தினார். அவள் வீறிட்டு, மாமன் வயிற்றில் இரண்டு காலாலும் ஓர் உதை விட்டாள். அவன் வேகம் முழுவதும் அவளிடம் போய்விட்டது.

அண்ணன் அங்கேயே நின்றுபோனான். பஸ் மட்டும் அவனைத் தாண்டி வந்துவிட்டது. பின்னால் பார்த்தேன், நடுரோட்டில் அதே சம்மணத்தில் உட்கார்ந்திருந்தான். பூவிதா முன்வாசல் வழியாக இறங்கி, பஸ்ஸையும் முந்திக்கொண்டு போனாள். இன்னும் நடக்கப் பழகாத பிள்ளை. எடை குறைவு, அதனால் வேகம் கூடுதல்.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஓடிப்போய் அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

"இடது காது பாக்கி இருக்கும்மா. பிள்ளை போற வேகத்துக்கு இனி ரயிலுதான் தோதுப்படும்" என்றார் ஆசாரி, ஊசியைத் துடைத்துக்கொண்டே.

மாமியார் தன் தம்பியைப் பார்த்தார். நான் திடமான ஆட்களாக ஆறு பேரைக் கூப்பிட்டேன்.

"ஸ்டேஷனுக்குத் தூக்குங்க" என்றேன். "மடி கலையாமத் தூக்கணும்."