அடியில் தங்கும் காற்று

பாக்யராஜை அடக்கம் செய்த மறுவாரமே அவன் மகள் ஜோஸ்பின் பள்ளிக்கூடம் வந்துவிட்டாள். எட்டாம் வகுப்பு அறிவியல் டீச்சர் புவனேஸ்வரிக்குத்தான் அந்தப் பிள்ளையை நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை.

பாகூர்ப் பக்கம் சாமிநாதனின் கரும்புத் தோட்டத்தில் ஒரு பாழுங்கிணறு. இலை தழை விழுந்து மக்கி, வருஷக்கணக்காக யாரும் எட்டிப் பார்க்காதது. அதைத் தூர் வாரத்தான் பாக்யராஜைக் கூப்பிட்டார்கள். கயிற்றைப் பிடித்து இறங்கியவன் அடியை எட்டியதும் சுருண்டு விழுந்தான். வெயில் மயக்கம் என்றார் ஒருவர். காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார் இன்னொருவர். தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

"வெளக்க கயித்துல கட்டி எறக்கிப் பாக்கக் கூடாதாய்யா? அது அணைஞ்சா ஆளு எறங்கவே கூடாது" என்று வண்டியில் வந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். துக்க வீட்டில் யாரோ அதைச் சொல்லக் கேட்டது முதல் புவனேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை.

எப்படி இறங்கும்? அதற்கு முந்தின மாதம்தான் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில் ஜோஸ்பின் இதையே செய்து காட்டியிருந்தாள். கண்ணாடி மீன் தொட்டிக்குள் குட்டையும் நெட்டையுமாக மூன்று மெழுகுவர்த்திகள். அடியில் ஆப்பசோடா, அதன்மேல் வினிகர். நுரை பொங்கும். குட்டை மெழுகுவர்த்தி முதலில் அணையும், பிறகு நடுவில் இருப்பது, கடைசியில் நெட்டை. கண்ணுக்குத் தெரியாத கனத்த காற்று ஒன்று அடியில் தங்கி, தண்ணீர் மாதிரி மேலேறி வருவதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

காட்டினாள் சரி, சொன்னாளா என்றால் இல்லை. பள்ளிக்கூடம் இங்கிலீஷ் மீடியமாகிவிட்டது, அதிகாரிகள் வருகிறார்கள், பிள்ளை இங்கிலீஷில் பொளந்து கட்டினால்தான் பரிசு. புவனேஸ்வரி எழுதிக் கொடுத்தாள், ஜோஸ்பின் தட்டாமல் ஒப்பித்தாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் என்பது வரை பழக்கியாயிற்று. அர்த்தம் சொல்லித் தர மட்டும் நேரம் கிடைக்கவில்லை. நல்ல கூத்து! பேசுகிறவளுக்கும் புரியவில்லை, கேட்டுக்கொண்டு நின்ற பெற்றவர்களுக்கும் புரியவில்லை. முதல் பரிசு கொடுத்தவருக்கோ அதைப் பற்றிக் கவலையே இல்லை.

இன்று வகுப்பில் அதே பாடம். இங்கிலீஷில் மளமளவென்று வாசித்துவிட்டுப் போய்விடலாம். ஜோஸ்பினுக்கு எதுவும் தெரியாமலே போகும். அதுதான் கருணை என்று புவனேஸ்வரிக்குத் தோன்றியது. ஆனால் எதிரே இருந்த பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பாக்கள் கிணற்றிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ கூலிக்கு இறங்குகிறவர்கள். நாளைக்கு இன்னொருவன் இறங்குவான். யாரைக் காப்பாற்றுவது, யாரை நோகடிப்பது?

புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தமிழில் ஆரம்பித்தாள். கனத்த காற்று என்றாள், மூச்சடைக்கும் என்றாள். கடைசியில் "கிணறு" என்று சொல்லியே தீர வேண்டியிருந்தது. வகுப்பு மொத்தமும் ஜோஸ்பினைத் திரும்பிப் பார்த்தது. அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

மணி அடித்து எல்லாரும் போன பிறகு அவள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், நான் எக்ஸிபிஷன்ல பேசினது இதுதானா?"

"ஆமா கண்ணு." புவனேஸ்வரி கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தாள். "உன்மேல ஒரு தப்பும் இல்ல. மனப்பாடம் பண்ண வெச்சது நான்தான். தப்பு என்னோடது."

அந்தப் பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"அன்னிக்கு அப்பா வேலைக்குப் போவாம வந்திருந்தாரு மிஸ். வூட்டுக்குப் போறப்ப வழியெல்லாம் கேட்டுக்கினே வந்தாரு, 'சூப்பரா பேசினடி, ஆனா ஒண்ணும் புரியல, அப்படி இன்னா சொன்ன?'ன்னு."

"நீ இன்னாம்மா சொன்ன?"

"எனக்கும் தெரியலப்பான்னு சொன்னேன் மிஸ். ரெண்டு பேரும் சிரிச்சிக்கினே வூட்டுக்குப் போனோம்."